புளியங்கொட்டையும் படியும்: வீட்டில் கணக்குச் சொல்லித் தரும்போது தவிர்க்க வேண்டியவை

மகளுக்கு அப்போது நாலரை வயது. தரையில் கொஞ்சம் புளியங்கொட்டையைப் போட்டு, "எண்ணு கண்ணு" என்றேன். ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு ஏழு வரை பிசகாமல் எண்ணினாள். "அப்போ மொத்தம் எத்தனை?" என்றதும், மறுபடி முதல் கொட்டையில் விரலை வைத்து "ஒண்ணு, ரெண்டு..." என்று ஆரம்பித்துவிட்டாள். மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அதேதான். ஏழு என்பது அவளுக்குக் கடைசியாகத் தொட்ட கொட்டையின் பெயர். அந்தக் குவியல் முழுவதற்குமான அளவு அது என்பது இன்னும் பிடிபடவில்லை.

நூறு வரை கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளைக்கு எண்ணத் தெரியும் என்று நம்பிவிடுவதுதான் நாம் செய்யும் முதல் தவறு. ரோச்செல் கெல்மன், காலிஸ்டல் என்ற இரு உளவியலாளர்கள் எண்ணுவதற்குள் இருக்கும் ஐந்து புரிதல்களை 1978-இல் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஓர் எண்தான், எண்களின் வரிசை மாறாது, கடைசியில் சொன்னதே மொத்தம், எதையும் எண்ணலாம், எந்தப் பக்கம் தொடங்கினாலும் மொத்தம் ஒன்றே. இவை ஒரே நாளில் சேர்ந்து வருவதில்லை. உங்கள் பிள்ளை எங்கே நிற்கிறது என்று அறிய, எண்ணச் சொல்வதை விட எடுக்கச் சொல்லுங்கள். "ஏழு கொட்டை கொடு" என்றால், இருபது வரை சொல்லும் பிள்ளையும் சில சமயம் ஒரு கை அள்ளி நீட்டும். சாப்பாட்டு நேரத்தில் "நாம அஞ்சு பேர், தட்டு எடுத்துட்டு வா" என்பதும் இதே பயிற்சிதான்.

அடுத்தது, அவசரமாகத் திருத்துவது. ஒரே அளவான இரண்டு டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஒன்றை ஒல்லியான உயரமான டம்ளருக்கு மாற்றினால், ஐந்து வயதுப் பிள்ளை பெரும்பாலும் "இதுலதான் நிறைய" என்று உயரமானதைக் காட்டும். சுவிஸ் உளவியலாளர் ஜான் பியாஜே இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். "இல்ல, ரெண்டும் ஒண்ணுதான்" என்று நாம் சொன்னால், நம் முகத்தைப் பார்த்து "ஒண்ணுதான்" என்று சொல்லிவிடும். உள்ளே எதுவும் மாறியிருக்காது. "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேட்டுவிட்டு, திருப்பி ஊற்றிப் பார்க்க விடுங்கள். இன்று பிடிபடாவிட்டால் பரவாயில்லை, தண்ணீர் எங்கும் போய்விடாது.

அளவு என்று வந்தால் பழைய படி, ஆழாக்கு போல நல்ல சாதனம் வேறில்லை என்பது என் எண்ணம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. அரைப்படி, காற்படி, அரைக்காற்படி என்று பெயரிலேயே பின்னம் உட்கார்ந்திருக்கிறது. பாட்டி வீட்டுப் பரணில் கிடந்தால் இறக்கி வையுங்கள். என் மகள் அளந்தபோது ஏழே ஆழாக்கில் படி நிரம்பிவிட்டது. எட்டு வர வேண்டுமே என்று பதறி நான் கையை நீட்டவில்லை. பாட்டி அளப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள், பாட்டி தலை தட்டி அளக்கிறார், தான் கோபுரமாக அள்ளியிருக்கிறோம் என்று அவளே கண்டுகொண்டாள். நான் அளந்து காட்டியிருந்தால் எட்டு வந்திருக்கும், அவளுக்கு இது கிடைத்திருக்காது.

எண்களை ஆங்கிலத்தில் மட்டும் சொல்லித் தருவதும் பெரிய இழப்பு. இலெவன், டுவெல்வ் என்ற சொற்களில் பத்து இருப்பது குழந்தையின் காதில் விழாது. பதினொன்றில் பத்தும் ஒன்றும் இருக்கின்றன. இருபத்து மூன்றில் இரு பத்தும் மூன்றும் அப்படியே கேட்கின்றன. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டச் சொல்லி, இரண்டு கட்டும் மூன்று குச்சியும் வைத்துச் சொல்லிப் பாருங்கள். தொண்ணூறு மட்டும் ஏமாற்றும். நூறு என்று முடிந்தாலும் அது ஒன்பது பத்துதான். அங்கே மட்டும் கட்டுகளை எண்ணிக் காட்ட வேண்டும். கட்டுகளை நாமே தயாராகக் கட்டி வைத்துவிடக் கூடாது. 32-இலிருந்து 5 எடுக்கும்போது ஒரு கட்டை அவிழ்க்க வேண்டிவருகிறதே, அந்த அவிழ்ப்புதான் பின்னால் பள்ளிக் கணக்கில் "கடன் வாங்குவது" என்று வருகிறது. கையால் அவிழ்த்த பிள்ளைக்கு அது மந்திரமாகத் தெரியாது.

பரமபதம் ஆடும்போது காயை நகர்த்தித் தராதீர்கள். நான்காம் கட்டத்தில் நிற்கும் பிள்ளை, மூன்று விழுந்ததும் தான் நிற்கும் கட்டத்தையே "ஒண்ணு" என்று எண்ணி ஆறில் போய் நிற்கும். கூட்டலில் வரப்போகும் பிழை இங்கேயே தெரிந்துவிடுகிறது. "ஒரு தாவல், ரெண்டு தாவல்" என்று தாவலை எண்ணப் பழக்கினால் சரியாகும்.

வெட்டி ஒட்டி வண்ணம் தீட்டுவதிலேயே முக்கால் மணி நேரம் போய், கணக்கு இரண்டு நிமிடம் என்றால் அது கைவேலை வகுப்பு. அதுவும் நல்லதுதான், வேறு நாளில் வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பல்லாங்குழிக்குக் குன்றிமணியைக் கொடுக்காதீர்கள். கறுப்புப் பொட்டு வைத்த அந்தச் சிவப்பு விதைக்குள் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. சோழியோ புளியங்கொட்டையோ போதும். மூன்று வயதுக்குட்பட்ட தம்பி தங்கை வீட்டில் இருந்தால் அதையும் எண்ணி எடுத்து, எண்ணி வையுங்கள். தொண்டையில் சிக்கும் அளவுதான் அதுவும்.

மகளுக்கு இப்போது ஏழு வயது. போன மார்கழியில் ஒரு விடியற்காலை, ஏழு புள்ளி, இடைப்புள்ளி, நான்கில் நிறுத்தும் கோலம். மொத்தம் எத்தனை புள்ளி என்று கேட்டுவிட்டு, கோலமாவுக் கிண்ணத்தோடு ஓரமாக உட்கார்ந்தேன். மேலே நாலு, அஞ்சு, ஆறு என்று வரிசையைக் கூட்டிப் பதினைந்து என்றவள், கீழே எண்ணப் போன விரலை நிறுத்தினாள். "கீழயும் இதேதானேம்மா?" நான் பேசவில்லை. கொஞ்ச நேரம் கோலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ முப்பது. நடு ஏழு மட்டும் தனியா நிக்குது."