புவி அறிவியல் ஆய்வுக்கு மத்திய அரசு நிதி: முதல் புரொபோசலை எழுதுவது எப்படி?

கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ புதிதாக வேலைக்குச் சேர்ந்து, சொந்தமாக ஓர் ஆய்வைத் தொடங்க நினைக்கும் உதவிப் பேராசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். புவி அறிவியலில் பணம் இல்லாமல் எதுவும் நகராது. களத்துக்குப் போக வண்டி வேண்டும், மாதிரிகளைச் சோதிக்கக் கட்டணம் கட்ட வேண்டும், கூடவே வேலை செய்ய ஓர் ஆய்வு மாணவர் வேண்டும். பலரும் விண்ணப்பப் படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தொடங்குகிறார்கள். கேள்வியைத் தீர்மானித்துவிட்டுப் படிவத்துக்கு வந்தால் பாதி வேலை குறையும்.

படி 1: எங்கே விண்ணப்பிப்பது?

முதல் முறை விண்ணப்பிப்பவர்கள் இரண்டு இடங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒன்று, அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை (ஏஎன்ஆர்எஃப்). 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவானது. முன்பு ஆய்வு நிதி தந்துவந்த அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம் (எஸ்இஆர்பி) இதனுள் சேர்ந்துவிட்டது. இதன் 'பிரதம மந்திரி இளம் ஆய்வாளர் நிதி' மூன்று ஆண்டுகளுக்கு 60 லட்சம் ரூபாய் வரை தருகிறது. நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும். வயது வரம்பு, பணியில் சேர்ந்த தேதி தொடர்பான விதிகளை அந்தந்த ஆண்டு அறிவிப்பிலேயே படித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, புவி அறிவியல் அமைச்சகம். 2021-26 காலத்துக்கென 2024 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 4,797 கோடி ரூபாய் 'பிருத்வி' திட்டத்தில் வளிமண்டலம், கடல், துருவப் பகுதி, நில அதிர்வு எல்லாம் அடக்கம். உங்கள் தலைப்பு நேராக இவற்றில் ஒன்றைத் தொட்டால், இங்கே உங்கள் துறையை அறிந்தவர்களே அதைப் படிப்பார்கள்.

படி 2: கேள்வி

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஓர் உதாரணம் சொல்கிறேன். 'நாகப்பட்டினம் கடலோர நிலத்தடி நீரின் தரம் பற்றிய ஆய்வு' என்று ஒரு தலைப்பு. நல்ல ஊர், நிஜமான பிரச்சினை. ஆனாலும் மதிப்பீட்டாளர் இதைத் தள்ளி வைத்துவிடுவார். கிணறுகளில் நீர் எடுத்து உப்பை அளந்த ஆய்வுகள் நிறையவே வந்துவிட்டன.

இப்போது அதையே கேள்வியாக மாற்றிப் பாருங்கள்: 'வேதாரண்யம் பக்கத்துக் கிணறுகளில் இருக்கும் உப்பு எங்கிருந்து வந்தது?' மூன்று விடைகளுக்கு வாய்ப்பு உண்டு. அதிகமாக நீர் இறைப்பதால் இன்றைய கடல்நீர் உள்ளே வந்திருக்கலாம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல் உள்வாங்கியபோது களிமண் அடுக்குகளில் சிக்கிய பழைய உப்புநீராக இருக்கலாம். இறால் குட்டையிலிருந்தோ உப்பளத்திலிருந்தோ கசிந்ததாகவும் இருக்கலாம். வெயிலில் ஆவியாகி மிஞ்சிய நீரில் ஆக்சிஜன்-18 ஐசோடோப்பு, அதாவது ஆக்சிஜனின் எடை கூடிய வகை, கூடியிருக்கும். அதை வைத்துக் குட்டை நீரைப் பிரிக்கலாம். காலப்போக்கில் சிதைந்து குறையும் கார்பன்-14 கொண்டு நீரின் வயதை மதிப்பிட்டால் பழைய நீர் எது என்று தெரிந்துவிடும். விடையைப் பொறுத்துத் தீர்வும் மாறும். முதலாவது என்றால் நீர் இறைப்பதைக் குறைத்தால் பலன் உண்டு. இரண்டாவது என்றால் அதனால் பெரிய மாற்றம் வராது.

அறிவிப்புகளில் கேட்கும் 'புதுமை' இதுதான் என்பது என் கருத்து. புதுக் கருவி வாங்குவதால் மட்டும் ஆய்வு புதிதாகிவிடாது. இதுவரை யாரும் பிரித்துப் பார்க்காத ஒன்றைப் பிரித்துக் காட்டும் வழி உங்களிடம் இருக்கிறதா என்றுதான் படிப்பவர் தேடுகிறார். கேள்வி, சாத்தியமான விடைகள், ஒவ்வொன்றையும் எந்த அளவீடு உறுதி செய்யும் அல்லது நிராகரிக்கும் என்பதை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் துறையில் இல்லாத நண்பர் ஒருவரிடம் அதைக் கொடுத்து, படித்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் நிபுணர் குழுவும் தடுமாறும்.

படி 3: இருக்கும் தரவைத் திரட்டுங்கள்

மத்திய நிலத்தடி நீர் வாரியம், சென்னை தரமணியில் உள்ள மாநில நீர்வளத் தரவு மையம், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் 'பூகோஷ்' தரவுத் தளம் ஆகியவற்றில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதிலிருந்து ஒரே ஒரு வரைபடம் தயாரித்து, எங்கே இடைவெளி இருக்கிறது என்று குறித்துக் காட்டினால் போதும். நீங்கள் வேலையைத் தொடங்கிவிட்டீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

படி 4: பட்ஜெட்

கேள்வியிலிருந்துதான் பட்ஜெட் வர வேண்டும். 40 கிணறுகள், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும், இரண்டு ஆண்டுகள் என்றால் 160 மாதிரிகள். ஆக்சிஜன் ஐசோடோப்பு எல்லாவற்றுக்கும்; கார்பன்-14 விலை கூடியது, அதனால் தேர்ந்தெடுத்த பத்துக் கிணறுகளுக்கு மட்டும். இப்படி ஒவ்வொரு தொகைக்கும் பின்னால் ஓர் எண்ணிக்கை இருக்கட்டும்.

ஆய்வு மாணவருக்கு ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், மூன்றாம் ஆண்டு எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆய்வாளர்) ஆனதும் 42,000. மூன்று ஆண்டுக்கு 13,92,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. இதை முதலில் எழுதிவிட்டு மீதிக்கு வாருங்கள்.

கருவி விஷயத்தில் அடக்கம் நல்லது. டெல்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையத்தில் புவி அறிவியல் அமைச்சகத்தின் நிதியில் மாதிரிகளின் வயதைக் கணிக்கும் தேசிய காலக்கணிப்பு வசதியே அமைத்திருக்கிறார்கள். அதுபோன்ற இடத்தில் மாதிரியைச் சோதிக்க முடியும்போது பெரிய கருவி கேட்டால், ஏன் என்று கேட்கத்தான் செய்வார்கள். களத்தில் மின்கடத்துத்திறன் அளக்கும் கையடக்கக் கருவியைத் தாராளமாகக் கேளுங்கள், கொட்டேஷனையும் இணைத்துவிடுங்கள்.

படி 5: தாள்கள்

நிறுவனத் தலைவரின் ஒப்புதல் சான்றிதழுக்கு முன்கூட்டியே கோப்பை நகர்த்துங்கள். காட்டுப் பகுதிக்குள் மாதிரி எடுப்பதாக இருந்தால் வனத்துறை அனுமதி வேண்டும். வேதாரண்யம் பக்கம் கோடியக்கரை சரணாலயம் இருப்பதை மறக்க வேண்டாம். கடைசி நாள் மாலையில் இணையதளம் திணறும், அதற்கு முன்பே சமர்ப்பித்துவிடுங்கள்.

படி 6: அப்புறம்

நிராகரித்தால், மதிப்பீட்டாளர் கருத்துகள் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் ஒரு வாரம் கழித்து நிதானமாகப் படியுங்கள். 'முறை தெளிவாக இல்லை' என்றிருந்தால் திருத்தி மறுபடி அனுப்பலாம். 'ஏற்கெனவே தெரிந்தது' என்றிருந்தால் படி 2-க்குத் திரும்ப வேண்டியதுதான்.

நிதி கிடைத்தால், பணம் தவணையாகத்தான் வரும். நிதியாண்டு மார்ச் 31-இல் முடிந்ததும் செலவுக் கணக்கையும், பணம் உரிய வேலைக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழையும் அனுப்பினால்தான் அடுத்த தவணை. கருவிகளை அரசின் இணையக் கொள்முதல் தளமான ஜெம்மில் வாங்க நேரம் பிடிக்கும். அதனால் முதல் தவணை வந்த வாரமே கொள்முதல் கோப்பைத் தொடங்குங்கள். பருவமழைக்கு முந்தைய மாதிரிகளைத் தவறவிட்டால், மறுபடி எடுக்க ஓராண்டு காத்திருக்க வேண்டும்.