பழைய மடிக்கணினிக்கு ரெம் கூட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்து ஆண்டு உழைத்த மடிக்கணினி ஒன்று தள்ளாடத் தொடங்கியதும், ‘ரெம் (கணினியின் தற்காலிக நினைவகம்) கூட்டினால் சரியாகிவிடும்’ என்று யாரேனும் சொல்ல, அந்த வார இறுதியிலேயே பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போய், முதலில் தென்படும் கடையில் ‘எட்டு ஜிபி ரெம் ஒன்று வேண்டும்’ என்று கேட்பவர்கள் கொழும்பில் ஏராளம். கடைக்காரர் ‘என்ன லெப்டொப்?’ என்று திருப்பிக் கேட்பார். அதற்குக் கணினி நிறுவனத்தின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவதில்தான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன. திருப்புளியைக் கையில் எடுத்த பின் நேரும் பிழைகளை அநேகமாகத் திருத்திக்கொள்ளலாம். பணத்தைக் கொடுத்து வாங்கிவிட்ட பிழையைத் திருத்துவது அவ்வளவு எளிதன்று.

வாங்குவதற்கு முன், உண்மையில் குறைவாக இருப்பது நினைவகம்தானா என்று பார்க்க வேண்டும். வழக்கமாகச் செய்யும் வேலைகளையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு, விண்டோஸின் டாஸ்க் மனேஜரில் நினைவகப் பயன்பாட்டைக் கவனியுங்கள். அது பாதியளவிலேயே நிற்க, வட்டின் பயன்பாடு மட்டும் நூறு வீதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், குற்றவாளி பழைய ஹார்ட் டிஸ்க்தான். அந்தப் பணத்துக்கு, அதன் இடத்தில் பொருத்தும் வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி ஒன்றை வாங்கிப் போடுவது கூடுதல் பலன் தரும்.

அடுத்தது வகை. ரெம் அட்டைகள் டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4 எனத் தலைமுறை தலைமுறையாக வந்தவை. மடிக்கணினிக்குரிய டிடிஆர்2 அட்டையில் 200 தொடுமுனைகளும், டிடிஆர்3இல் 204உம், டிடிஆர்4இல் 260உம் உள்ளன. ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாதபடி, அட்டையின் விளிம்பிலுள்ள வெட்டுக்குறியின் இடமும் மாற்றப்பட்டிருக்கிறது. பொருந்தாததை அழுத்திப் பொருத்த முயன்றால் உடைவது மதர்போர்டிலுள்ள செருகுமிடம்தான். மேசைக்கணினியின் அட்டை ஏறக்குறைய இரு மடங்கு நீளமானது என்பதால், அதை யாரும் தவறுதலாக வாங்குவது அரிது.

வெட்டுக்குறி காட்டிக்கொடுக்காத வேறுபாடு ஒன்றும் உண்டு. டிடிஆர்3 அட்டைகள் 1.5 வோல்ட்டில் இயங்குபவை; டிடிஆர்3எல் அட்டைகளுக்கு 1.35 வோல்ட் போதும். இரண்டுக்கும் அளவு, தொடுமுனை, வெட்டுக்குறி எல்லாம் ஒன்றே. ஆனால் 2013ஆம் ஆண்டில் வெளிவந்த நான்காம் தலைமுறை இன்டெல் செயலிகளுடன் கூடிய மடிக்கணினிகள் பலவும் குறைந்த மின்னழுத்த அட்டையையே ஏற்கும். மற்றதைச் செருகினால் திரை கறுப்பாகவே நிற்கும். ஒட்டுத்தாளில் பிசி3 என்ற எழுத்துகளுக்குப் பின் ‘எல்’ இருக்கிறதா என்பதுதான் வெளியில் தெரியும் அடையாளம். அந்த ஓர் எழுத்தைப் பார்க்காமல் வாங்கிவந்து, கணினி பழுதாகிவிட்டதென்று முடிவுகட்டி, வெள்ளவத்தை வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் நான் வீணாக்கியிருக்கிறேன். டிடிஆர்3எல் அட்டை 1.5 வோல்ட்டிலும் இயங்கக்கூடியது என்பதால், டிடிஆர்3 கணினி எதுவானாலும் சந்தேகம் இருந்தால் ‘எல்’ உள்ளதையே கேளுங்கள்.

கணினி ஏற்கும் உச்ச அளவை அறியாமல் வாங்குவதும் பரவலான தவறு. இன்டெல் 945 சிப்செட் (செயலியை நினைவகத்தோடு இணைக்கும் சில்லுத்தொகுதி) கொண்ட பழைய கணினிகளில் நான்கு ஜிபி போட்டாலும் மூன்றுக்குச் சற்று மேல்தான் பயன்படும். அதைவிடப் புதியவற்றிலும் 32 பிட் விண்டோஸ் நிறுவப்பட்டிருந்தால் கதை அதேதான். 64 பிட் விண்டோஸுக்கு மாறாமல் நான்கு ஜிபிக்கு மேல் ரெம் கூட்டுவதில் பயனில்லை. டிடிஆர்3 காலத்து இன்டெல் கணினிகளில், நான்காம் தலைமுறை வரை, ஒரு செருகுமிடத்துக்கு எட்டு ஜிபியே எல்லை. எனவே அடிப்பக்க ஒட்டுத்தாளிலுள்ள மாடல் எண்ணை முழுமையாகக் குறித்துக்கொண்டு, அதற்கான பராமரிப்புக் கையேட்டை உற்பத்தியாளரின் தளத்தில் தேடிப் படிக்க வேண்டும். செருகுமிடம் எங்கே இருக்கிறது என்பதும் அதில் தெரியும்: தின்க்பேட் டபிள்யூ520இல் உள்ள நான்கில் இரண்டு விசைப்பலகைக்கு அடியில் மறைந்திருக்கின்றன, மெக்புக் எயாரில் நினைவகம் பற்றவைக்கப்பட்டிருப்பதால் செருகுமிடமே இல்லை.

வெவ்வேறு நிறுவனங்களின் அட்டைகளைச் சேர்த்துப் போடவே கூடாது என்று சிலர் பயமுறுத்துவதுண்டு. நான் அதை அவ்வளவு பெரிதுபடுத்தமாட்டேன். வேகம் மாறுபட்டால் இரண்டும் குறைந்த வேகத்தில் ஓடும், பெரும்பாலும் அவ்வளவுதான். இருந்தாலும் பழைய அட்டையைக் கழற்றிக் கடைக்கு எடுத்துச்சென்று ஒப்பிட்டு வாங்குவதைப் போல் பாதுகாப்பான வழி வேறில்லை. பொருந்தாவிட்டால் எத்தனை நாட்களுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

கணினியைத் திறக்கும்போது, மூடியைச் சாத்தி உறங்கவைப்பதை நிறுத்திவிட்டதாக எண்ணாதீர்கள். உறக்க நிலையிலும் நினைவகத்துக்கு மின்சாரம் போய்க்கொண்டேயிருக்கும். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட்டவுன் கொடுத்து, சார்ஜரைப் பிடுங்கி, பற்றரியைக் கழற்றி, மின்பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்ற வேண்டும். பற்றரி உள்ளே இருக்கும் வகையானால் அடிப்பக்க மூடியைத் திறந்ததும் முதல் வேலை அதன் இணைப்பைக் கழற்றுவதே. திருகாணிகளை எந்தத் துளையிலிருந்து எடுத்தீர்களோ அதே ஒழுங்கில் ஒரு தாளில் வையுங்கள். நீளமான ஒன்று குட்டையானதன் துளைக்குள் போனால் மறுபக்கத்தைக் குத்திவிடும். நம் ஊரின் ஈரக் காற்றில் நிலைமின் தொல்லை குறைவுதான், ஆனால் குளிரூட்டிய அறை அப்படியன்று; முதலில் உலோகமொன்றைத் தொட்டுவிட்டு, அட்டையை ஓரங்களில் மட்டும் பிடியுங்கள். கடற்கரையோர வீடுகளில் பல ஆண்டு இருந்த கணினியின் தொடுமுனைகள் மங்கியிருக்கக்கூடும். அவற்றை அழிறப்பரால் தேய்ப்பது பலரது பழக்கம். ஐசோபுரோப்பில் மதுசாரம் தொட்ட மென்துணியே துகள் விடாமல் துடைக்கும்.

அட்டையைச் சுமார் 30 பாகைச் சாய்வில், பொன்னிற முனைகள் அநேகமாக மறையும்வரை உள்ளே தள்ளிய பிறகே கீழே அழுத்த வேண்டும். இருபக்கக் கவ்விகளும் ‘டிக்’ என்று பிடிக்கும். முதல் தடவை கணினி எழும்பாவிட்டால் அநேகமாக அட்டை அரைகுறையாகத்தான் இருந்திருக்கும், மீண்டும் கழற்றிச் செருகிப் பாருங்கள். எழும்பிய பின், நினைவகத்தில் பிழை உண்டா என்று சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலை ஓர் இரவு ஓடவிடுங்கள். புதிய அட்டை வந்த பிளாஸ்டிக் உறையில் பழையதைப் போட்டு, மாற்றித் தரும் காலம் முடியும்வரை பற்றுச்சீட்டோடு சேர்த்து வைத்திருங்கள்.