ஹைட்ரோ புல்வெட்டிக்கு எந்த ஆயில்?

பின்னால் நடந்தபடி ஓட்டும் ஹைட்ரோஸ்டாட்டிக் புல்வெட்டிக்கு, அதாவது பம்பு தரும் ஆயில் அழுத்தத்தால் சக்கரம் சுழலும் வண்டிக்கு, அந்த ஆயிலை மாற்றப் போகிறீர்களா? ‘ஹைட்ராலிக் ஆயில்’ என்று போட்டிருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு கேனை வாங்கிவிடாதீர்கள். இந்த வகை வண்டிகள் பலவற்றில் கம்பெனியே ஊற்றச் சொல்வது 20டபிள்யூ-50 என்ற கெட்டியான எஞ்சின் ஆயிலைத்தான். சில மாடல்களுக்கு சிந்தெடிக் 15டபிள்யூ-50. கையேட்டில் உள்ளதே கடைசி வார்த்தை.

ஏன் இவ்வளவு கெட்டி? வேலை நடக்க நடக்க பம்பு சூடாகும், ஆயில் இளகும். ரொம்ப இளகினால் பம்புக்குள்ளேயே கசிந்து அழுத்தம் குறையும். காலையில் ஜோராக ஓடிய வண்டி, அரை மணி நேரம் கழித்து மேட்டில் ஏறத் திணறுவது பெரும்பாலும் இதனால்தான். கையேடு சொல்லாத வரை ஆட்டோமேட்டிக் கார் கியர்பாக்ஸ் ஆயிலான ஏடிஎஃப் பக்கம் போகவே வேண்டாம். அது இன்னும் நீர்த்தது.

பழைய ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அதன்மேல் புதியதை ஊற்றி ஒப்பேற்றாமல் முழுவதும் வடித்துவிடுங்கள்.

ஃபில்டரும் ஹைட்ரோவுக்கானதாகவே இருக்கட்டும். மரை பொருந்துகிறதே என்று எஞ்சின் ஃபில்டரை மாட்டுவது நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் வேட்டு.

அப்புறம், ஆயில் மாற்றும்போது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற மறக்காதீர்கள். ஓட்டும் சக்கரங்கள் தரையில் படாதபடி ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, பிளேடை அணைத்துவிட்டு, மெதுவாக முன்னும் பின்னும் ஐந்தாறு முறை ஓட்டுங்கள். ஆயில் மட்டம் இறங்கும். எஞ்சினை நிறுத்தி, ஆறியதும் குறி வரை ஊற்றுங்கள்.