மலையகத்தில் மருத்துவ ஆய்வு: ‘படும்’ என்று முடியும் வாக்கியங்களில் ஒளிந்திருக்கும் தவறுகள்

பட்டப்பின் மாணவர் ஒருவர் ஒருமுறை 180 பேரின் குருதி அமுக்கப் பதிவுகளை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். 120/80, 130/80, 140/90, 110/70 என்று ஓடியது பட்டியல். பூச்சியத்தில் முடியாத ஓர் எண்ணைக் கண்டுபிடிக்க மூன்றாம் பக்கம்வரை போக வேண்டியிருந்தது. இரண்டிரண்டாகக் கோடு போட்ட கருவியில் ஒழுங்காகப் பார்த்தால் ஐந்தில் ஒரு பதிவுதான் பூச்சியத்தில் முடியும். இங்கே ஏறக்குறைய எல்லாமே. 136 இருந்தவர் 140 ஆகி நோயாளியாகிவிட்டார். 144 இருந்தவரும் அதே 140இல் வந்து உட்கார்ந்துவிட்டார்.

மாணவர் பொய் எழுதவில்லை. கிளினிக் நாள், வாசல்வரை கூட்டம், கை ஓய்ந்திருந்தவர் யாரோ அவர் அளந்தார். பஸ்ஸை விட்டிறங்கி மேட்டில் மூச்சு வாங்க ஏறி வந்தவரை உட்காரவைத்த உடனே கையில் பட்டி சுற்றினார்கள். ஐந்து நிமிடம் ஓய்வு கொடுக்க யாருக்கும் நேரமில்லை. அவருடைய முன்மொழிவை எடுத்துப் பார்த்தேன். ‘குருதி அமுக்கம் அளக்கப்படும்’ என்று ஒரே ஒரு வரி இருந்தது. யார் அளப்பது, எந்தக் கருவியால், எத்தனை முறை, எவ்வளவு ஓய்வுக்குப் பிறகு என்று எதுவும் இல்லை.

பல்கலைக்கழக மருத்துவத் துறை ஒன்றில் ஆய்வு முன்மொழிவுகளைப் பார்த்துக்கொடுப்பது பல ஆண்டுகளாக என் வேலை. அன்றிலிருந்து ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டது. முன்மொழிவு வந்தால் முதலில் சிவப்புப் பேனாவை எடுத்து ‘படும்’ என்று முடியும் வினைகளை எல்லாம் வட்டமிடுவேன். அளக்கப்படும், பெறப்படும், சேகரிக்கப்படும், பின்தொடரப்படுவர். ஆய்வுகள் பெரும்பாலும் தரவு திரட்டும் நாளில் கெடுவதில்லை. ஆறு மாதத்துக்கு முன், செய்பவரைச் சொல்லாமல் இந்த வாக்கியங்களை எழுதியபோதே கெட்டுவிடுகின்றன.

‘246 பேர் தெரிவுசெய்யப்படுவர்’ என்பது அடிக்கடி வரும் ஒரு வரி. நூற்றுக்கு 20 பேரில் இருக்கக்கூடிய ஒரு நோயை, 5 வீதப் புள்ளிக்கு மேல் கூடவோ குறையவோ போகாத துல்லியத்தில், 95 வீத நம்பிக்கையுடன் மதிப்பிட வேண்டுமானால் சூத்திரம் 246 என்றுதான் சொல்லும். கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்தச் சூத்திரம் ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத 246 பேரைக் கேட்கிறது. நாமோ பன்னிரண்டு தேயிலைத் தோட்டங்களைத் தெரிந்து, தோட்டத்துக்கு இருபது பேரைப் பிடிக்கிறோம். ஒரே லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசைவீட்டில், இருப்பவர்கள் ஒரே பீலித் தண்ணீரைக் குடிக்கிறார்கள், ஒரே கடையில் மாவு வாங்குகிறார்கள், பாதிப்பேர் சொந்தக்காரர்கள். இருபது பேரைக் கேட்டாலும் இருபது பேரின் செய்தி கிடைப்பதில்லை. இந்த ஒற்றுமையின் அளவை (பூச்சியம் என்றால் ஒற்றுமையே இல்லை, ஒன்று என்றால் எல்லோரும் ஒன்றுபோல) 0.05 என்று வைத்தால்கூட மாதிரியை 1.95 மடங்காக்க வேண்டும்; 246 என்பது 480 ஆகிவிடும். இதைக் கேட்டதும் மாணவரின் முகம் வாடும். வாடட்டும். ஒரு வருடம் மலையேறி இறங்கிவிட்டுப் பிறகு வாடுவதைவிட இது மேல். 480 பேரைத் திரட்ட முடியாது என்றால் கேள்வியைச் சிறிதாக்க வேண்டும்.

அடுத்தது ‘ஒப்புதல் பெறப்படும்’. எனக்கு மிகவும் கோபம் வரும் வரி இதுதான்.

தோட்டத்துக்குள் போவதற்கு நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், அது சரி. அதோடு நில்லாமல், காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை மூலம் ‘டாக்டர்மார் வந்திருக்கிறார்கள், எல்லோரும் போய் ரத்தம் கொடுங்கள்’ என்று சொல்லவைத்துவிட்டால் அதன்பின் வாங்கும் கையெழுத்துக்கு என்ன பெறுமதி? வேலைக்குப் பேர் போடுகிறவர் சொன்னால் அது கட்டளை. வைத்தியசாலையிலும் இதே கதைதான். தனக்கு மருந்து எழுதும் டாக்டரே படிவத்தை நீட்டினால் மறுக்கும் நோயாளி எங்கே இருக்கிறார்? ஆய்வாளரின் தயவில் இருப்பவரிடம், அந்த உறவுக்கு வெளியே உள்ள தகுதியான ஒருவர்தான் ஒப்புதல் கேட்க வேண்டும் என்று ஹெல்சின்கி பிரகடனம் சொல்கிறது. 1964இல் வந்து, 2024வரை பலமுறை திருத்தப்பட்ட ஆவணம் அது. எழுத வாசிக்கத் தெரியாதவரின் பெருவிரலை மையில் தோய்ப்பதற்கு முன், ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி பக்கத்தில் இருந்து முழுவதையும் கேட்டிருக்க வேண்டும். அந்தச் சாட்சி யார் என்பதையும் முன்மொழிவிலேயே எழுதுங்கள்.

மொழிபெயர்ப்பில் இன்னொரு பள்ளம். தமிழ் என்றால் ஒரே தமிழ் என்ற நினைப்பில், கைக்கெட்டிய தமிழர் ஒருவரிடம் வினாக்கொத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் மொழிபெயர்த்த படிவத்தில் ‘உங்களுக்குச் சத்தி இருந்ததா?’ என்று ஒரு கேள்வி. அவர் ஊரில் சத்தி என்றால் வாந்தி; இங்கே சக்தி. கொழுந்து பறித்துவிட்டு வந்த ஒரு பெண் பெருமூச்சு விட்டு, “சத்தி எங்கே ஐயா இருக்கிறது, உடம்பில் ஒன்றுமே இல்லை” என்றார். படிவத்தில் ‘இல்லை’ என்று கோடு விழுந்தது. ‘மயக்கம்’ என்ற சொல்லும் அப்படித்தான். ஒருவர் தலைசுற்றலுக்கு ஆமென்பார், இன்னொருவர் நினைவு தப்பி விழுந்ததற்கு. அதை இரண்டு கேள்வியாகப் பிரித்துவிடுவது நல்லது. பத்துப் பேரிடம் முன்னோடியாகக் கேட்டுப் பார்த்தால் இவையெல்லாம் ஒரே காலையில் வெளியே வந்துவிடும்.

சிகிச்சைப் பரிசோதனையில் யாருக்கு எந்த மருந்து என்று எழுமாற்றாக, அதாவது தற்செயலின் கையில் விட்டு, பிரிப்பதை ‘சீட்டுக் குலுக்குவது போல’ என்று விளக்குவது பலருக்குக் கைவந்த வழி. நானும் அப்படித்தான் விளக்கினேன், ஓர் அம்மா கேட்கும்வரை: “இந்த முறை எனக்குப் புது மாத்திரை விழாவிட்டால் அடுத்த மாதம் விழும், இல்லையா தம்பி?” லயத்தில் மாதாமாதம் பணம் கட்டும் சீட்டில் எல்லோருக்கும் ஒருநாள் விழுமே. நான் சொன்ன உவமையை அவர் சரியாகத்தான் புரிந்துகொண்டார், பிழை என்னுடையது. இப்போது பூவா தலையா என்று நாணயத்தைச் சுண்டிக் காட்டுகிறேன். ஒருமுறைதான் சுண்டுவோம், பிறகு மாறாது என்றும் சேர்த்துச் சொல்கிறேன்.

‘வெறுவயிற்றில் குருதி சேகரிக்கப்படும்’ என்ற வரியைப் பற்றி மட்டும் ஒரு புத்தகமே எழுதலாம். ‘சாப்பிட்டீர்களா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்பார்கள். உண்மைதான். விடியற்காலையில் சீனி போட்டுக் குடித்த சாயத் தண்ணீரை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. ‘எழுந்ததிலிருந்து வாயில் என்ன பட்டது, தேத்தண்ணீர் குடித்தீர்களா?’ என்று கேட்க வேண்டும். பிறகு அந்தக் குருதி ஹட்டனிலிருந்து கண்டிக்கு வான் ஏறுகிறது. பிரிக்காத குருதியில் அணுக்கள் குளுக்கோசைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பநிலையில் மணிக்கு 5 முதல் 7 வீதம்வரை குறையும். வளைவுகளைத் தாண்டி மூன்று மணித்தியாலம் கழித்துப் போய்ச் சேரும்போது டெசிலீற்றருக்கு 130 மில்லிகிராம் இருந்தது 105க்கும் 111க்கும் இடையில் நிற்கும். நீரிழிவின் எல்லை 126. நோயாளி வழியிலேயே குணமாகிவிட்டார்! குளுக்கோஸ் குறைவதைத் தடுக்கும் புளோரைட் குழாயில் எடுத்தோமே என்று சமாதானம் சொல்வார்கள்; புளோரைட் வேலை செய்யத் தொடங்கவே ஒன்றிரண்டு மணித்தியாலம் பிடிக்கும். ஐஸ் பெட்டியில் வைத்து, கூடிய சீக்கிரம் தோட்டத்து மருந்தகத்திலேயே சுழற்றிப் பிரித்துவிடுவதுதான் வழி. அதற்கு இயந்திரமும் மின்சாரமும் வேண்டும். இரண்டையும் செலவுத் திட்டத்தில் போடுங்கள்.

குருதிச்சோகை ஆய்வுகளில் மறந்துபோவது உயரம். மேலே போகப்போக ஒட்சிசன் குறைவதால் உடம்பு ஈமோகுளோபினைக் கூட்டிக்கொள்ளும். எனவே அளந்த எண்ணிலிருந்து உயரத்துக்கு ஏற்பக் கழிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டி 1000 முதல் 1499 மீற்றர்வரை டெசிலீற்றருக்கு 0.8 கிராமும், 1500 முதல் 1999 மீற்றர்வரை 1.1 கிராமும் கழிக்கச் சொல்கிறது. நுவரெலியா நகரம் 1868 மீற்றரில் இருக்கிறது. கர்ப்பிணியல்லாத ஒரு பெண்ணுக்கு அங்கே 12.6 வந்தால், எல்லை 12 என்பதால் சுகமாக இருக்கிறார் என்று எழுதிவிடுவோம். கழித்துப் பார்த்தால் 11.5, அவருக்குக் குருதிச்சோகை. கொழும்பிலிருந்து எடுத்த வரைவிலக்கணத்தை அப்படியே ஒட்டிய ஆய்வு, இந்தப் பெண்களை ஒட்டுமொத்தமாகச் சுகதேகிகளாக்கிவிடுகிறது. ஒவ்வொரு தோட்டத்தின், முடிந்தால் ஒவ்வொரு டிவிசனின் உயரத்தையும் தரவுத்தாளில் ஒரு நிரலாகச் சேருங்கள். ஒரே தோட்டத்தின் மேற்பிரிவும் கீழ்ப்பிரிவும் நூற்றுக்கணக்கான மீற்றர் வித்தியாசத்தில் இருப்பதுண்டு.

‘ஆறு மாதம் பின்தொடரப்படுவர்.’ எப்போது? கொழுந்து குவியும் ஏப்ரல், மே மாதங்களில் கிளினிக்குக்கு வரச் சொன்னால் அது ஒரு பேர், அதாவது ஒரு நாள் வேலைப் பதிவு, இழப்பு. பாதி நாளில் வந்து சேர்ந்தாலும் அரைப் பேர்தான். பஸ் காசைக் கொடுத்துவிட்டோம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், அவர் இழந்தது நாட்சம்பளம். தீபாவளி, தைப்பொங்கல், கோயில் தேர் வரும் வாரங்களில் யாரும் வரமாட்டார்கள். தென்மேல் பருவமழையில் பாதை இடிந்தால் வர நினைத்தாலும் முடியாது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது வான் ஓடாமலே பல பின்தொடர்தல்கள் அறுந்துபோயின. தோட்டத்து நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திகதி குறியுங்கள். மாலையிலோ ஞாயிறிலோ நாமே லயத்துக்குப் போவதாக எழுதுங்கள். வராமல் போனவர்களை ‘விலகினோர்’ என்று ஒரு வரியில் மூடிவிடாமல், அவர்கள் யார், எந்த வயது, எவ்வளவு தூரம் என்று காட்டுங்கள். தூரத்து டிவிசன்காரர்களே விடுபட்டிருந்தால் மிஞ்சியது றோட்டோரத்து மக்களின் ஆய்வு மட்டுமே.

அனுமதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இவற்றில் மறைபொருள் எதுவும் இல்லை. நெறிமுறை மீளாய்வுக் குழுவின் அனுமதி கிடைக்கும்வரை ஒரு படிவம்கூட நிரப்பக்கூடாது. பின்திகதியிட்டு யாரும் தரமாட்டார்கள். சிகிச்சைப் பரிசோதனை என்றால் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவுசெய்ய வேண்டும். இலங்கை மருத்துவச் சங்கத்தின் பதிவேடு 2006 முதல் இருக்கிறது. முன்பதிவு இல்லாத பரிசோதனையை முன்னணிச் சஞ்சிகைகள் 2005 ஜூலை முதலே ஏற்பதில்லை. மருந்துப் பரிசோதனையானால் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையிடமும் போக வேண்டும். பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் தரவுத்தாளில் ஏற்றாதீர்கள். ஆய்வு எண் ஒன்று கொடுத்து, எண்ணையும் பெயரையும் இணைக்கும் கொப்பியைத் தனியே பூட்டி வையுங்கள்.

பகுப்பாய்வில் ஒரே ஒரு தவறை மட்டும் குறிப்பிடுகிறேன். முதன்மை விளைவு எது என்று முன்கூட்டிச் சொல்லாமல் இருபது ஒப்பீடுகளைச் செய்தால், எந்தத் தொடர்பும் உண்மையில் இல்லாதபோதும் ஒன்றாவது ‘பொருளுள்ளது’, அதாவது தற்செயலல்ல, என்று தலைகாட்ட 64 வீத வாய்ப்பு உண்டு. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் பல ஆய்வுக்கட்டுரைகள் கரையேறுகின்றன.

வட்டமிடுவதற்கு இன்னொரு வரி மிஞ்சுகிறது: ‘முடிவுகள் வெளியிடப்படும்.’ எங்கே? ஆங்கிலச் சஞ்சிகையில், கொழும்பு மாநாட்டில். முன்பு ஆய்வு நடந்த தோட்டம் ஒன்றுக்கு வேறொரு வேலையாகப் போயிருந்தேன். லயத்து வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்த பெண் என்னை அடையாளம் கண்டு, “அன்றைக்கு ஒரு மிஸ்ஸி மூன்று குழாய் ரத்தம் எடுத்துக்கொண்டு போனாரே, அதில் என்ன இருந்தது?” என்று கேட்டார். பதில் துறையின் அலுமாரியில் இருந்தது, ஈமோகுளோபின் 7.9. பதினான்கு மாதமாக.