லோக்கல் சர்வர்: கரண்ட் போய் வந்த பிறகு கை வைக்கக் கூடாத இடம்

மன்னார்குடி, திருவாரூர் பக்கம் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் இப்போது ஊர்க் கடைகளுக்கே பில்லிங் சாஃப்ட்வேர் எழுதித் தருகிறார்கள். எக்ஸாம்ப் என்ற இலவசத் தொகுப்பை நிறுவி, கடைக்காரரின் கம்ப்யூட்டரையே சர்வராக்கி, பிஎச்பி என்ற புரோகிராம் மொழியில் எழுதியதை அதில் ஓட்டுகிறார்கள். நானும் இப்படித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்பதால் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. பக்கங்களைக் காட்டும் அப்பாச்சி சர்வரை ஸ்டார்ட் செய்யாமல் பக்கத்தைத் தேடுவது, ஃபைலை அது படிக்கும் எச்டிடாக்ஸ் ஃபோல்டருக்கு வெளியே வைப்பது போன்ற தவறுகள் எல்லாம் முதல் நாளே உங்களுக்குப் பிடிபட்டுவிடும். அவற்றை விட்டுவிட்டு, பிறகு மாட்டிவிடும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஐபிடேட்டா1 ஃபைலை அழிப்பது

நீடாமங்கலம் பக்கம் ஓர் உரக்கடை. குறுவைக்கு யூரியாவும் டிஏபியும் கடனாகக் கொடுத்துவிட்டு, அறுப்பு முடிந்து நெல் பணம் கைக்கு வந்ததும் வசூலிப்பார்கள். அந்தப் பற்று வரவு முழுக்க ஒரே கம்ப்யூட்டரில் இருந்தது. யுபிஎஸ் கிடையாது. ஒரு மழைநாள் சாயங்காலம் கரண்ட் போய் வந்த பிறகு, கணக்கை வைத்திருக்கும் டேட்டாபேஸ் சர்வரான மைஎஸ்கியூஎல் கிளம்பவில்லை. சாஃப்ட்வேர் எழுதிய தம்பி ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து, டேட்டா ஃபோல்டரில் இருந்த ஐபிடேட்டா1 ஃபைலை அழித்துவிட்டார். சர்வர் உடனே ஓடியது. சரியாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். கணக்கைத் திறந்தால் டேபிள்களின் பெயர் மட்டும் தெரிகிறது, எதைத் தொட்டாலும் இன்ஜினில் இல்லை என்கிறது.

எக்ஸாம்ப்பில் மைஎஸ்கியூஎல் என்ற பெயரில் ஓடுவது அதிலிருந்து பிரிந்து வந்த மரியாடிபி. ஒவ்வொரு டேபிளின் தரவும் தனி ஃபைலில் இருந்தாலும், எந்த டேபிள் எது என்ற பதிவு ஐபிடேட்டா1-இல்தான் இருக்கிறது. அதை அழித்தால், வயல் அப்படியே கிடக்க, சிட்டாவும் அடங்கலும் எரிந்துபோன கதைதான். கடைக்காரர் பழைய பில் கட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் யார் எவ்வளவு பாக்கி என்று கேட்டு எழுதினார். பழைய பில்லில் இல்லாத கடன் போனது போனதுதான்.

இன்றைக்கும் எனக்கு ஆறாதது, அந்தக் கணக்கு கரண்ட் போனதால் அழியவில்லை என்பது. டேபிள்களைச் சேமிக்கும் இன்ஜினான இன்னோடிபி எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு லாக் ஃபைலில் எழுதி வைக்கிறது. சட்டென நின்றுபோனாலும், மறுபடி கிளம்பும்போது அதைப் படித்துப் பெரும்பாலும் தானே சரிசெய்துகொள்ளும். கிளம்பவில்லை என்றால் காரணம் வேறெங்கோ ஒரு சின்னச் சேதமாகவும் இருக்கலாம். அதைப் பார்க்காமல் அழிக்கச் சொல்லும் வீடியோக்கள்தான் கெடுக்கின்றன.

அதனால் எதையும் தொடும் முன் சர்வரை நிறுத்திவிட்டு டேட்டா ஃபோல்டர் முழுவதையும் வேறு டிரைவுக்குக் காப்பி எடுங்கள். பிறகு அதே ஃபோல்டரில் உள்ள மைஎஸ்கியூஎல்_எரர் லாகின் கடைசி வரிகளைப் படியுங்கள். சேதம் இன்னோடிபியில் என்று தெரிந்தால், மை.ஐஎன்ஐ என்ற செட்டிங்ஸ் ஃபைலில் இன்னோடிபி_ஃபோர்ஸ்_ரிக்கவரி=1 என்று சேர்த்துக் கிளப்பி, தரவை எக்ஸ்போர்ட் செய்துவிட்டு அந்த வரியை எடுத்துவிடுங்கள். 1 போதாவிட்டால் 2, பிறகு 3. நான்கோ அதற்கு மேலோ போனால் தரவே நிரந்தரமாகக் கெடலாம், அதைக் காப்பியில் மட்டும் செய்து பாருங்கள்.

தினமும் கடை சாத்தும் முன், டேட்டாபேஸைப் பிரௌசரில் திறந்து பார்க்க உதவும் பிஎச்பிமைஅட்மினில் எக்ஸ்போர்ட் செய்து பென்டிரைவில் போட்டு, பென்டிரைவை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது இந்தப் பக்கம் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. எக்ஸ்போர்ட் கையில் இருந்தால் வேறு ஊரில் வேறு கம்ப்யூட்டரில் கணக்கைத் திறக்கலாம். சர்வர் ஓடும்போதே டேட்டா ஃபோல்டரைக் காப்பியடித்து வைப்பதை பேக்கப் என்று நம்பாதீர்கள்.

போர்ட் 80

அப்பாச்சி கிளம்பாமல் போர்ட் 80 என்று பிழை காட்டினால், அது பயன்படுத்தும் அந்த இணைப்பு எண்ணை வேறு ஏதோ சாஃப்ட்வேர் பிடித்திருக்கிறது. அப்பாச்சியை 8080-க்கு மாற்றுங்கள். இதற்காக எக்ஸாம்ப்பையே அழித்து மறுபடி நிறுவாதீர்கள், கணக்கும் சேர்ந்து போகலாம்.

பிஎச்பிமைஅட்மினைப் போனில் திறப்பது

எக்ஸாம்ப்பில் டேட்டாபேஸின் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனருக்கு ஆரம்பத்தில் பாஸ்வேர்டே கிடையாது. அதனால்தான் பிஎச்பிமைஅட்மின் அதே கம்ப்யூட்டரில் மட்டும் திறக்கும்படி வைத்திருக்கிறார்கள். போனில் பார்க்க ஆசைப்பட்டு அந்தத் தடையை எடுத்தால், கடை வைஃபையில் இருக்கும் யாரும் கணக்கைத் திருத்தலாம். கடைக்காரருக்குப் போனில் வேண்டியது உங்கள் பில் பக்கம் மட்டும்தான். ரூட்டுக்குப் பாஸ்வேர்ட் வையுங்கள், சாஃப்ட்வேருக்குத் தனிப் பயனர் கொடுங்கள்.

ஃபைல் பெயரில் பெரிய எழுத்து

பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தை விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் இரண்டையும் வேறு வேறு ஃபைலாகப் பார்க்கும். எல்லாமே சிறிய எழுத்தில் இருக்கட்டும்.