கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூனிவர்சிட்டிக்கு: எடுத்த பாடம் வீணாகாமல் மாறுவது எப்படி?

முதல் இரண்டு வருடத்தைக் குறைந்த செலவில் கம்யூனிட்டி காலேஜில் முடித்துவிட்டு, மூன்றாம் வருடம் யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) அல்லது கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) என்ற இரண்டு அரசுப் பல்கலைக்கழக அமைப்புகளின் வளாகம் ஒன்றில் சேர்வது கலிஃபோர்னியாவில் பலரும் போய்ப் பழகிய பாதை. மாநிலத்தில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. பே ஏரியாவில் (சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றிய பகுதி) நம் குடும்பத்துப் பிள்ளைகள் டி ஆன்சா, ஃபுட்ஹில் என்று போவதை நிறையப் பார்க்கிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை யூனிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் கிரெடிட்) மாறும்?" என்பதுதான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. யூனிட் போய்ச் சேர்வது வேறு, அந்தப் பாடம் உங்கள் மேஜருக்கு (பட்டத்தின் முதன்மைப் பாடத்துக்கு) கணக்கில் வருவது வேறு. என் அக்கா மகள் பிசினஸ் மாணவர்களுக்கான கால்குலஸ் எடுத்தாள். யூனிட் மாறியது. ஆனால் அவள் சேர விரும்பிய மேஜருக்கு வேண்டியது அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கான கால்குலஸ் வரிசை. ஒரு கோடை விடுமுறை முழுவதும் அதிலேயே போனது. அவள் அழுததை மறக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: போகும் இடத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள்

எந்த மேஜர், எந்த இரண்டு மூன்று வளாகம் என்று முதல் செமஸ்டரிலேயே ஒரு உத்தேசப் பட்டியல் போடுங்கள். பிறகு மாற்றிக்கொள்ளலாம், தப்பில்லை.

படி 2: அசிஸ்ட் தளத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அசிஸ்ட் டாட் ஆர்க் என்பது கம்யூனிட்டி காலேஜ்களுக்கும் யூசி, கால் ஸ்டேட் வளாகங்களுக்கும் இடையிலான பாட ஒப்பந்தங்களை வைத்திருக்கும் அரசு சார்ந்த தளம். இலவசம். கல்வியாண்டு, உங்கள் காலேஜ், போக நினைக்கும் வளாகம் மூன்றையும் தேர்ந்தெடுத்து, மேஜர் பெயரைத் திறங்கள். ஒரு பக்கம் யூனிவர்சிட்டி கேட்கும் பாடம், மறுபக்கம் அதற்கு ஈடான உங்கள் காலேஜ் பாடம் வரும்.

இங்கே மூன்று இடத்தில் கண்ணை நன்றாக வையுங்கள். இரண்டு பாடங்களுக்கு நடுவில் 'மற்றும்' என்று இருந்தால் இரண்டையும் முடிக்க வேண்டும், ஒன்று மட்டும் போதாது. 'அல்லது' என்றால் ஏதாவது ஒன்று. ஈடான பாடமே இல்லை என்று இருந்தால், அது பக்கத்துக் காலேஜில் இருக்கிறதா என்று அதே தளத்தில் தேடுங்கள். அங்கே அந்த ஒரு பாடத்தை மட்டும் எடுக்கலாம். ஒப்பந்தம் வருடா வருடம் மாறக்கூடும், ஆகவே பாடம் எடுத்த ஆண்டின் பக்கத்தை பிடிஎஃப்பாகச் சேமித்து வையுங்கள்.

படி 3: பொதுப் பாடங்கள்

2025 இலையுதிர் பருவத்திலிருந்து புதிதாகச் சேர்பவர்களுக்கு யூசி, கால் ஸ்டேட் இரண்டுக்கும் கால்-கெட்சி என்ற ஒரே பொதுப் பாடத் திட்டம்: 11 பாடம், 34 செமஸ்டர் யூனிட். பொறியியல் போல முன்பாடங்கள் (மாறும் முன்பே முடிக்க வேண்டியவை) நிறைய உள்ள மேஜர் என்றால் முதலில் மேஜர் பாடங்களை முடியுங்கள். பொதுப் பாடத்தை மட்டும் முடித்துவிட்டு இயற்பியல் பாக்கி என்று நின்றால் இடம் கிடைப்பது கஷ்டம்.

படி 4: யூனிட் கணக்கு

மூன்றாம் வருடத்தில் சேர 60 செமஸ்டர் யூனிட் வேண்டும். டி ஆன்சா, ஃபுட்ஹில் இரண்டும் குவார்ட்டர் முறை (செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்கள்). அங்கே அது 90. யூசி பட்டத்துக்கு அதிகபட்சம் 70 செமஸ்டர் யூனிட் வரை (105 குவார்ட்டர்) எண்ணிக்கொள்ளும். அதற்கு மேல் எடுத்த பாடத்துக்குப் பாட மதிப்பு உண்டு, யூனிட் கிடையாது. குவார்ட்டர் காலேஜில் ஆரம்பித்த கால்குலஸ் வரிசையைப் பாதியில் விட்டு செமஸ்டர் காலேஜில் தொடராதீர்கள். இடையில் சில பகுதிகள் விடுபட்டுப் போகும். ஒரு வரிசையை ஒரே இடத்தில் முடிப்பதுதான் நல்லது.

மேஜர் முன்பாடங்களில் 'சி'க்குக் கீழே வாங்கினால் பெரும்பாலும் திரும்ப எடுக்க வேண்டிவரும்.

படி 5: உத்தரவாத வழிகள்

கால் ஸ்டேட் என்றால் ஏடிடி என்ற இரண்டு வருடப் பட்டம் எடுக்கலாம். 2010ல் வந்த சட்டத்தால் உருவானது. அதை முடித்துத் தகுதி பெற்றால் கால் ஸ்டேட் அமைப்பில் ஏதாவது ஒரு வளாகத்தில் இடம் உண்டு. நீங்கள் கேட்கும் வளாகம்தான் என்ற உறுதி இல்லை. யூசியில் டேக் என்ற உத்தரவாதம் ஆறு வளாகங்களில் இருக்கிறது: டேவிஸ், அர்வைன், மெர்சட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ். ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் போடலாம், செப்டம்பர் மாதத்தில். எல்லா மேஜருக்கும் கிடையாது, முதலில் அதைப் பாருங்கள். பர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ இதில் இல்லை.

படி 6: விண்ணப்பமும் அதற்கப்புறமும்

யூசி விண்ணப்பத்தை அக்டோபர், நவம்பர் மாதங்களில் போட வேண்டும். முன்பு படித்த எல்லாக் கல்லூரியையும் எழுதுங்கள். ஊரில் ஒரு வருடம் பொறியியல் படித்து விட்டுவந்திருந்தால் அதுவும் சேர்த்தி, மதிப்பெண் மோசமாக இருந்தாலும் சரி. மறைத்தது தெரிந்தால் கிடைத்த இடமே போய்விடும். ஊர்ப் பாடங்கள் அசிஸ்டில் வராது. அவற்றைத் தனியாகத்தான் மதிப்பிடுவார்கள்.

ஜனவரியில், இலையுதிர் பருவ மதிப்பெண்ணையும் வசந்த காலத்தில் எடுக்கப்போகும் பாடங்களையும் யூசிக்குப் புதுப்பித்துச் சொல்ல வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். இடம் கிடைத்த பிறகு சொல்லாமல் ஒரு பாடத்தை விட்டாலும் சேர்க்கையை ரத்து செய்ய வாய்ப்பிருக்கிறது. தவிர்க்க முடியாமல் விட நேர்ந்தால் உடனே அந்த வளாகத்துக்கு எழுதித் தெரிவியுங்கள்.

எஃப்-1 விசாவில் இருப்பவர்கள் இடம் கிடைத்ததும் பழைய காலேஜின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவு முறை) பதிவை மாற்றச் சொல்லி, புதிய இடத்திலிருந்து ஐ-20 (மாணவர் விசாவுக்கான தகுதிப் படிவம்) வாங்க வேண்டும்.

கடைசியாக, வசந்த கால மதிப்பெண் வந்ததும் இறுதி டிரான்ஸ்கிரிப்ட்டையும் (மதிப்பெண் பட்டியல்) கால்-கெட்சி சான்றிதழையும் உங்கள் காலேஜ் அனுப்ப வேண்டும். சான்றிதழ் தானாகப் போகும் என்று நினைக்காமல் நீங்களே கோரிக்கை போடுங்கள். யூசி வளாகங்கள் பொதுவாக டிரான்ஸ்கிரிப்ட்டை ஜூலை 1க்குள் கேட்கும்; போய்ச் சேர்ந்ததா என்று மாணவர் போர்ட்டலில் பார்த்துக்கொள்ளுங்கள்.