மேட்டில் மட்டும் குலுங்கிய கார்

மேட்டில் ஏறும்போது மட்டும் கார் குலுங்கியது. சமதளத்தில் ஒரு குறையும் இல்லை. எனக்குத் துப்பு கொடுத்ததே அந்த வித்தியாசம்தான். ஆக்சிலேட்டரை அழுத்தினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். ஸ்பார்க் பிளக்கின் நுனி இடைவெளியைத் தீப்பொறி தாண்ட அதிக வோல்ட் தேவைப்படும். எரிபொருளைப் பற்றவைக்கும் அமைப்பான இக்னிஷனில் பலவீனம் இருந்தால் அங்கேதான் வெளிப்படும்.

ஸ்கேனரை மாட்டினேன். கோளாறு எண் பி0303, அதாவது மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர்; எரிபொருள் சரியாகப் பற்றவில்லை. இதைப் பார்த்ததும், பிளக்குக்கு உயர் வோல்ட் கொடுக்கும் காயிலைப் புதிதாக வாங்க ஓடாதீர்கள். எஞ்சினை அணைத்துவிட்டு இரண்டாவது, மூன்றாவது காயில்களை இடம் மாற்றிப் போட்டேன். காயில் கெட்டிருந்தால் கோளாறும் கூடவே நகர்ந்து பி0302 வந்திருக்கும். மறுபடியும் பி0303தான் வந்தது. சரி, காயில்மேல் சந்தேகம் போனது.

அப்புறம் பிளக்கைக் கழற்றினேன். வெள்ளைப் பீங்கானின் மேல், பென்சிலால் கிழித்ததுபோல் மேலிருந்து கீழாக மெல்லிய கறுப்புக் கோடு. மின்சாரம் நுனிவரை போகாமல் அந்தக் கோட்டின் வழியே பிளக்கின் உலோக உடலுக்குக் கசிந்திருக்கிறது. துணியால் துடைத்தும் அது போகவில்லை. காயிலின் ரப்பர் உறைக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தேன். அதே கோட்டின் தடம். இதை விட்டுவிட்டால் புதுப் பிளக்கும் சீக்கிரமே கெட்டுவிடும்.

ஸ்பார்க் வருகிறதா என்று பிளக்கைக் கையில் பிடித்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், அங்கே பாய்வது பல ஆயிரம் வோல்ட். ஸ்பார்க் டெஸ்டர் போதும்.

பிளக்குகளையும் அந்த ரப்பர் உறையையும் மாற்றினேன், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு. அதே மேட்டில் மூன்றாவது கியரில் ஏற்றிப் பார்த்தேன். குலுங்கவில்லை.